பழைய கணினி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் கணினிகள் சீக்கிரம் சாவதற்கு வயது மட்டும் காரணமில்லை. ஈரக்காற்று, எறும்பு, மின்னல், எர்த் இல்லாத பழைய வயரிங் ஆகிய நான்கும்தான் பெரும்பாலான மெஷின்களைப் படுக்கவைக்கின்றன. "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லப்பட்ட மெஷின்களில் பல, பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிகிற வேலைக்குத்தான் காத்திருக்கின்றன. எதையும் வாங்குவதற்கு முன் சோதியுங்கள். சோதிக்கும் வரிசைதான் இங்கே முக்கியம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: நட்சத்திர முனை ஸ்குரூ டிரைவர், சாதாரண மல்டிமீட்டர், ஓர் அங்குல பெயிண்ட் பிரஷ், பென்சில் அழிப்பான், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தெர்மல் பேஸ்ட், போர்டில் போடும் சிஆர்2032 வட்டப் பேட்டரி ஒன்று, 8 ஜிபி பென்டிரைவ். நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு ரேம் துண்டு கைவசம் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கழற்றிய பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

முதலில் சுவரிலிருந்து தொடங்குங்கள். நம் நாட்டு மூன்று கால் பிளக்கினுள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. அது எரிந்திருந்தால் கணினி செத்த மாதிரியே தெரியும். மானிட்டரின் பவர் கேபிளும் கணினியின் கேபிளும் பெரும்பாலும் ஒரே வகை என்பதால், இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். பவர் சப்ளையின் பின்புறச் சுவிட்ச் "1" பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மிகப் பழைய பவர் சப்ளைகளில் 115/230 என்று ஒரு சிவப்பு நகர்த்தி இருக்கும். பிள்ளைகள் விளையாட்டாக அதை 115க்குத் தள்ளியிருந்தால், நம் 230 வோல்ட்டில் போட்ட கணமே "டப்" என்று வெடிக்கும். 230இல் இருப்பதை உறுதி செய்துகொண்டு, அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, மதர்போர்டில் சின்ன விளக்கு எரிகிறதா? எரிந்தால் பவர் சப்ளையின் காத்திருப்பு மின்சாரம் வருகிறது என்று பொருள். சந்தேகம் பெட்டியின் பட்டன்மேல் திரும்ப வேண்டும். முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் இரண்டு கம்பி வயரை மதர்போர்டிலிருந்து கழற்றி, அந்த இரண்டு பின்களையும் ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு விநாடி தொடுங்கள். மெஷின் கிளம்பினால் பட்டன்தான் கெட்டது. புதுப் பட்டன் தேட வேண்டாம். ரீசெட் பட்டனின் வயரை அந்த இடத்தில் செருகினால் போதும், இனி ரீசெட்தான் பவர் பட்டன்.

விளக்கும் இல்லையென்றால் பவர் சப்ளையைச் சோதிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து எடுங்கள். அதில் பச்சை வயர் ஒன்றே ஒன்று இருக்கும். வளைத்த பேப்பர் கிளிப்பால் அதை ஏதாவது ஒரு கறுப்பு வயரோடு இணைத்து, உபயோகமற்ற ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சுமையாக மாட்டி, பிறகு மின்சாரம் கொடுங்கள். ஃபேன் சுற்ற வேண்டும். மீட்டரில் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை வந்தால் சரி. ஊதா வயர் காத்திருப்பு மின்சாரம். பச்சையை இணைக்காதபோதும் அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும். எல்லா எண்ணும் சரியாக இருந்தும் மெஷின் கிளம்பவில்லை என்றால் பவர் சப்ளை குற்றமற்றது என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சுமை ஏறும்போது மட்டும் தள்ளாடுகிறவையும் உண்டு.

பவர் சப்ளையின் காற்றுத் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பான, இருட்டான, யாரும் தொடாத இடம் என்பதால் எறும்புகள் முட்டையோடு குடியேறும். பல்லி நுழைந்து இரண்டு முனைகளை ஒருசேரத் தொட்டுக் கருகிக் கிடப்பதும் உண்டு. அதற்காகப் பவர் சப்ளையைத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் அடிக்கும். பூச்சிமருந்து ஸ்பிரேயையும் உள்ளே அடிக்காதீர்கள். அதன் எண்ணெய்ப் பிசுக்கு தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதிலுள்ள வாயு தீப்பிடிக்கக்கூடியது. வெளியிலிருந்து காற்று ஊதிவிட்டு, மேசைக் காலடியில் எறும்புப் பொறி வைப்பதே முறை. கணினி மேசையில் மைலோ குடிக்கிற வழக்கம் தொடர்கிற வரை எறும்பும் தொடரும்.

அலுவலகங்களில் கழித்துக் கட்டிய டெல், எச்பி, லெனோவோ மெஷின்கள் இப்போது பலர் வீட்டில் இருக்கின்றன. நல்ல மெஷின்கள்தான், ஆனால் பவர் சப்ளை கனெக்டரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020, 7020, 9020 ஆகியவற்றில் 8 பின்; லெனோவோ திங்க்சென்டர் பலவற்றில் 14 பின். கடையில் கிடைக்கும் 24 பின் பவர் சப்ளை நேராகப் பொருந்தாது, அந்த மாடலுக்கான மாற்றுக் கேபிள் தனியாக வேண்டும். வயர் நிறத்தைப் பார்த்து நீங்களே வெட்டி ஒட்டினால் போர்டும் சேர்ந்து போகும்.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை

தோட்டப்புறத்தில் அதிகம் காணப்படும் கோளாறு இதுதான். பள்ளி விடுமுறையில் சில வாரம் தொடாமல் கிடந்த மெஷின்களில் குறிப்பாக வரும். ரேம் முனைகளில் ஈரமும் அழுக்கும் சேர்ந்து படலம் கட்டிவிடுகிறது. அவ்வளவுதான் காரணம்.

ரேமைக் கழற்றி, பொன்னிற முனைகளை அழிப்பானால் இரு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டு, ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ஸ்லாட்டினுள் உலர்ந்த பிரஷ் மட்டும் போதும். திரும்ப மாட்டும்போது இரு ஓரக் கொக்கிகளும் "டிக்" என்று தாமாக விழ வேண்டும். கையால் கொக்கியை மூடிவிட்டால் ரேம் அரைகுறையாக உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. இரண்டு துண்டு இருந்தால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள்.

அப்படியும் வரவில்லையா? எல்லா ரேமையும் எடுத்துவிட்டு மெஷினைப் போடுங்கள். போர்டு ஸ்பீக்கரிலிருந்து நீண்ட "பீப்" கேட்டால் நல்ல செய்தி: ரேம் இல்லை என்று புகார் சொல்லும் அளவுக்குப் போர்டும் பிராசசரும் உயிரோடு இருக்கின்றன. ஸ்பீக்கர் இல்லாத போர்டுகளுக்குச் சில வெள்ளியில் நான்கு பின் ஸ்பீக்கர் கிடைக்கும். வாங்கி வைத்துக்கொண்டால் வீணாகாது.

ரேம் குற்றமற்றது என்றானால் பயாஸில் (மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) சேமித்த அமைப்பை அழியுங்கள். பிளக்கைக் கழற்றி, வட்டப் பேட்டரியை எடுத்து, ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கார்டு இருக்கும்போது பெரும்பாலான போர்டுகள் தம் சொந்த முனையை அணைத்துவிடும். வீட்டைக் கூட்டிச் சுத்தம் செய்த மறுநாள் வரும் "படம் வரல" புகார் அனேகமாக இதுதான்.

மடிக்கணினிக்கு ரேம் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. இன்டெல் நான்காம் தலைமுறை மடிக்கணினிகள் 1.35 வோல்ட் ரேமைத்தான் ஏற்கும். லேபிளில் "பிசி3எல்" என்று கடைசியில் எல் எழுத்து இருக்க வேண்டும். 1.5 வோல்ட் துண்டு கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் திரை கறுப்பாகவே இருக்கும்.

மின்னல் அடித்த பிறகு இணையம் மட்டும் இல்லை

பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல்கள்தான் ஆபத்தானவை. மின்னல் மின்சார வயர் வழியே மட்டும் வருவதில்லை. தொலைபேசி வயர், கூரை ஆன்டெனா, மோடத்திலிருந்து வரும் லான் கேபிள் எல்லாமே அதற்குப் பாதைதான். மெஷின் நன்றாக ஓடுகிறது, லான் முனையில் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் அந்த முனையின் சிப் போயிருக்கலாம். போர்டை மாற்ற வேண்டியதில்லை. பயாஸில் உள்ளமைந்த லானை அணைத்துவிட்டு, பிசிஐ எக்ஸ்பிரஸ் கிகாபிட் லான் கார்டு ஒன்றைச் செருகுங்கள். மடிக்கணினி என்றால் யூஎஸ்பி லான் அடாப்டர். ஆனால் மாற்றும் முன் மோடத்தின் இன்னொரு முனையிலும் இன்னொரு கேபிளிலும் சோதித்துவிடுங்கள். செத்தது மோடமாகவும் இருக்கலாம்.

சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் உதவும், ஆனால் அது எர்த் இல்லாமல் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். இடி முழக்கம் கேட்டவுடன் பவர் பிளக், லான் கேபிள் இரண்டையும் கழற்றுவதற்கு நிகர் எதுவுமில்லை.

பெட்டியைத் தொட்டால் கை கூசுகிறது

வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். "பழசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. பவர் சப்ளையின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் மேல் ஏறத்தாழ பாதி மின்னழுத்தம், அதாவது 115 வோல்ட் வாக்கில், மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் கூசுவதோடு நிற்கிறது. ஆனால் நாளைக்குப் பவர் சப்ளையில் உண்மையான ஷார்ட் வந்தால் காப்பாற்ற எர்த் இருக்காது.

எனவே கோளாறு கணினியில் இல்லை, வயரிங்கில். முதலில் எக்ஸ்டென்ஷனைச் சந்தேகியுங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மலிவு எக்ஸ்டென்ஷன் சிலவற்றில் மூன்று கால் துளை இருக்கும், உள்ளே இரண்டு வயர்தான் ஓடும். மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையில், சுவரிலிருந்து கழற்றிய எக்ஸ்டென்ஷனின் பெரிய காலுக்கும் துளையின் பெரிய வாய்க்கும் இடையே "பீப்" வர வேண்டும். வராவிட்டால் அதை வெட்டி எறியுங்கள். எக்ஸ்டென்ஷன் சரி, சுவர் பிளக்கிலேயே எர்த் இல்லை என்றால் அது பழைய லயத்து வீடுகளுக்கே உரிய பிரச்சினை. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். தண்ணீர்க் குழாயில் வயர் கட்டி எர்த் எடுக்கும் கைவைத்தியம் வேண்டாம். இப்போதைய குழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக், உலோகமாக இருந்தால் குளிப்பவருக்குத்தான் ஷாக்.

தேதி பின்னால் போகிறது; தளங்கள் "பாதுகாப்பற்றது" என்கின்றன

சிஆர்2032 தீர்ந்துவிட்டது. புதியது 3 வோல்ட் காட்டும், 2.7க்குக் கீழே போனால் மாற்றுங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே. தேதி தவறாக இருக்கும்போது தளங்களின் சான்றிதழ் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ பிரவுசருக்குத் தெரியும். அதனால்தான் எச்சரிக்கை. வைரஸ் என்று பயப்பட வேண்டாம்.

திறக்கப் பத்து நிமிடம், எதைத் தொட்டாலும் ஆமை வேகம்

பணம் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 100 சதவீதம் காட்டினால், சுழலும் ஹார்ட் டிஸ்க்கை, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியாக மாற்றுவதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

முதலில் அந்த டிஸ்க் சாகும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் கடைசி நெடுவரிசையில் பூஜ்யம் இருக்க வேண்டும். சி5இல் எண் ஏறிக்கொண்டே போனால் வேறு எதையும் செய்யாதீர்கள். குடும்பப் படங்கள், பள்ளிக் கோப்புகள், கணக்குகள் ஆகியவற்றை முதலில் நகலெடுங்கள். டிஃபிராக், ஸ்கேன் என்று ஓடவிட்டால் இருக்கிற மூச்சும் போய்விடும். "கடக் கடக்" என்று சத்தம் வந்தால் உடனே அணையுங்கள்.

வீட்டு வேலைக்கு 240 அல்லது 256 ஜிபி போதும். 2010க்கு முந்தைய பல போர்டுகளில் டிஸ்க் இணைப்பு பழைய சாட்டா 2 தான், விநாடிக்கு 300 எம்பிதான் உச்சம். கவலை வேண்டாம். நாம் உணரும் வேகம் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதில் இருக்கிறது. அங்கே சுழலும் தட்டு ஒவ்வொரு முறையும் முள்ளை நகர்த்த வேண்டும், எஸ்எஸ்டிக்கு அந்த வேலையே இல்லை. நகரும் பாகம் கிடையாது என்பதால் பெட்டிக்குள் இரட்டை டேப்பால் ஒட்டினாலும் தகும். குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருள் கொண்டு பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கலாம், ஆனால் புதியது பழையதைவிடச் சிறியதாக இருந்தால் முதலில் பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். வருடக் கணக்கில் குப்பை சேர்ந்த விண்டோஸ் என்றால் புதிதாக நிறுவுவதே நல்லது.

பயாஸில் டிஸ்க் முறை ஐடிஈ (பழைய முறை) என்றிருந்தால் ஏஎச்சிஐ (புதிய முறை) ஆக மாற்றுங்கள். ஏற்கெனவே நிறுவிய விண்டோஸில் நேரடியாக மாற்றினால் நீலத் திரை வரும். முதலில் சேஃப் மோடில் கிளம்பும்படி அமைத்து, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை கிளப்பிவிட்டு வழக்கமான முறைக்குத் திரும்புங்கள்.

இணையத்தில் அநியாய மலிவில் வரும் "16 டிபி" எஸ்எஸ்டிகள் போலி. உள்ளே ஒரு மெமரி கார்டு இருக்கும். கொள்ளளவை மீறி எழுதத் தொடங்கியதும் பழைய கோப்புகளைச் சத்தமில்லாமல் அழிக்கும். எந்தப் புது டிஸ்க்கையும் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுவதும் நிரப்பிச் சோதித்த பிறகு உங்கள் கோப்புகளைப் போடுங்கள்.

எஸ்எஸ்டிக்கு அடுத்த செலவு ரேம்: 4 ஜிபியை 8 ஆக்குங்கள். 32 பிட் விண்டோஸ் ஓடினால் நான்கையே முழுசாகப் பயன்படுத்தாது, முதலில் 64 பிட்டுக்கு மாறுங்கள். பிராசசரை மாற்றும் ஆசை வரும். விட்டுவிடுங்கள். அதே சாக்கெட்டில் கிடைக்கும் மேல் ரகப் பிராசசர் தரும் வித்தியாசம், செலவுக்கும் சூட்டுக்கும் ஈடாகாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைகிறது

வெயில் நேரத்தில், வீடியோ ஓடும்போது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் அணைந்தால் சூடு. எச்டபிள்யூ மானிட்டர் என்ற மென்பொருளில் பிராசசர் வெப்பத்தைப் பாருங்கள். துத்தநாகக் கூரையின் கீழ் வேலை செய்யும்போது 70, 75 டிகிரி சகஜம். 90ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது.

பிராசசரின் சூட்டை இறக்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்கின் இடுக்கில் தூசி கம்பளமாகப் படிந்திருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் அது தெரியும். காற்றடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போகும். பிராசசர்மேல் உள்ள பழைய தெர்மல் பேஸ்ட்டை ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் ஓர் அரிசி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். விரலால் தடவ வேண்டாம், ஹீட்சிங்கின் அழுத்தமே பரப்பிவிடும். ஏஎம்டி பழைய சாக்கெட்டுகளில் காய்ந்த பேஸ்ட், பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளைந்துவிடும். மெஷினைச் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, ஹீட்சிங்கை இடமும் வலமுமாகத் திருகிய பிறகு தூக்குங்கள்.

இன்டெல்லின் நான்கு கால் ஹீட்சிங்தான் அதிகம் ஏமாற்றுவது. மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்தி, நான்கும் "டிக்" என்றதா, போர்டின் பின்புறம் நான்கு வெள்ளை நுனிகளும் சமமாக வெளியே தெரிகின்றனவா என்று கவனியுங்கள். "சுத்தம் பண்ணதுக்கப்புறம் இன்னும் மோசமாயிடுச்சி" என்பவர்களின் மெஷினில் ஒரு கால் அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

வெப்பம் சாதாரணமாக இருந்தும் அணைந்தால் சந்தேகம் பவர் சப்ளைக்கும், போர்டில் பிராசசரைச் சுற்றியுள்ள உருளைக் கெப்பாசிட்டர்களுக்கும் போகிறது. அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நீர் கசிந்திருந்தாலோ அவைதான். சால்டரிங் கைவந்தவர் மாற்றலாம்: அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி ரகம், துருவம் மாறக்கூடாது. அணையாமல் நீலத் திரை மட்டும் வந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேம் துண்டு வேண்டாம்.

மெஷின் நல்லா இருக்கு, விண்டோஸ்தான் கைவிட்டது

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை முதலான பிராசசரையும் கேட்கிறது. தடையைத் தாண்டி நிறுவும் தந்திரங்கள் உண்டு, ஆனால் அடுத்த பெரிய புதுப்பிப்பில் அவை கைகொடுக்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை. கோர் 2 டுவோ வகைப் பழைய பிராசசரில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு கிளம்பவே கிளம்பாது.

64 பிட் பிராசசரும் 4 ஜிபி ரேமும் இருந்தால் லினக்ஸ் மிண்ட் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் சோதியுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்), வங்கி, வருமான வரி எல்லாம் பிரவுசரிலேயே நடக்கும். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். விண்டோஸில் முரசு அஞ்சலுக்குப் பழகிய கைகளுக்குக் கொஞ்ச நாள் தடுமாற்றம் இருக்கும். பழைய லேசர் பிரிண்டருக்கு விண்டோஸ் டிரைவர் கிடைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தால், லினக்ஸில் செருகிப் பாருங்கள். பல மாடல்களை அது தானாக அடையாளம் காணும்.

இனி மேசையில் வேண்டாம், எறியவும் மனமில்லை

சின்ன பெட்டி ரக அலுவலக மெஷின் என்றால் வீட்டுக் கோப்புச் சேமிப்பகமாக்கலாம்: எஸ்எஸ்டியில் லினக்ஸ், பெரிய டிஸ்க்கில் கோப்புகள், கோப்புகளை ஒத்திசைக்கும் சின்க்திங் மென்பொருள் மூலம் குடும்பத்தார் கைப்பேசிப் படங்கள் தாமாக வந்து சேரும். கோயில் கணக்குக்கும் தமிழ்ப்பள்ளி நூலகப் பதிவுக்கும் இதே ரகம் தாராளம். பென்டியம் 4 மெஷினை மட்டும் இந்த வேலைக்கு வைக்காதீர்கள். 100 வாட் இழுக்கும் மெஷின் இரவு பகலாக ஓடினால் மாதம் 72 யூனிட் மின்சாரம் ஆகிறது.

போர்டு செத்த மெஷினிலிருந்து ரேம், பவர் கேபிள், ஃபேன், ஸ்குரூக்கள், பெட்டி ஸ்பீக்கர் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை மின்கழிவு வாங்கும் உரிமம் பெற்ற இடத்தில் கொடுங்கள். மலேசியச் சட்டத்தில் எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் வரும் கழிவு அது. செம்பனைக் காட்டு ஓரத்தில் போட்டு எரிப்பதற்கு இல்லை. உப்பிய மடிக்கணினி பேட்டரியைக் குத்தாமல், அழுத்தாமல், வேறு உலோகத்தோடு சேர்க்காமல் தனியாகக் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கொடுப்பதாக இருந்தால் முழுவதும் ஒருமுறை பூஜ்யத்தால் எழுதி அழியுங்கள். எழுத முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால் தட்டைத் துளையிட்டுவிடுங்கள். எஸ்எஸ்டிக்குப் பூஜ்யம் எழுதுவது நம்பகமில்லை, பயாஸிலோ தயாரிப்பாளரின் மென்பொருளிலோ உள்ள செக்யூர் இரேஸ் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.